கொதிக்காத ஆயில்

ஏனுங் சார், இலவசமா பிரேக் ஆயில் சோதிச்சுத் தர்றதா உங்க ஆயில் கம்பெனிப் பேனர்ல போட்டிருக்குதே, அது இங்க கொண்டாந்து நிறுத்தற வண்டிக்கு மட்டுந்தானா, இல்லை வண்டி நிக்கற எடத்துக்கே வந்து பாப்பீங்களா? வருவீங்களா? நல்லதாப் போச்சு. இருங்க, இருங்க, உடனே எந்திரிக்காதீங்க. வெசயத்தைச் சொல்லிப்போடறேன். சொல்லாமக் கூட்டிட்டுப் போனா நீங்க அங்க வந்து எதையாச்சும் பேசி வெச்சுருவீங்க, அப்பறம் எம்பாடுதான் திண்டாட்டம்.

எம்பேரு சென்னியப்பன். அந்தா, மூணாவது கொட்டகையில நீல வண்டி நிக்குதுல்லீங்க, அதுக்கு நாந்தான் மெக்கானிக். வண்டிக்குப் பக்கத்துல சேர் போட்டு ஒரு அம்மா உக்காந்திருக்காங்க பாருங்க, மாம்பழக் கலர்ல பட்டுச்சேலை. ரேஸ் ட்ராக்குக்குப் பட்டு கட்டீட்டு வந்தது இந்த ஊர்லயே அவங்க ஒருத்தராத்தான் இருக்கும். சுலோச்சனாம்மா. மில்லுக்காரங்க. ஐயா தவறி ஏழெட்டு வருசமாச்சு, ஒத்தைப் பையன். அந்தப் பையன் கிருபாகரன் தம்பிதான் வண்டி ஓட்டறது. இப்ப ஓட்டறவங்களுக்கெல்லாம் ஏதோ மீட்டிங்னு கூப்பிட்டாங்க, அங்க போயிருக்குறாரு. வந்ததும் சாப்பிட்டுப்போட்டு ப்ராக்டீஸுக்கு வண்டியை எறக்கீருவாரு.

அந்த வண்டி பிரேக்குல தண்ணி கெடக்குதுங்க சார்.

எப்படித் தெரியும்னா, ஊத்துனதை என் கண்ணால பாத்தேன். அந்த ஆயிலை நாலு சக்கரத்துக்கும் ஏத்துனது இந்தக் கைதான். தம்பிகிட்டச் சொல்லிருய்யான்னு நீங்க கேப்பீங்க. சொல்ல முடியாதுங்க. அதைத்தான் சொல்ல வர்றேன்.

அந்தப் பாட்டிலைச் சித்தெ குடுங்க, பாக்கறேன். கொதிநிலை இருநூத்தி எழுவதா? கோவிச்சுக்காதீங்க சார், இது கார்ல கொழந்தை குட்டியோட பழனிக்குப் போய்ட்டு வர்றவங்களுக்குச் சரி. ட்ராக்குக்கு ஆகுமா? அந்த நேர்ரோட்டுல அடிச்சு வந்து, முக்குல ஒரு மிதி மிதிக்கறாங்க பாருங்க, டிஸ்க்கு செவசெவன்னு பழுத்துப் போகும். அந்தச் சூடு பூராவும் ஆயிலுக்குத்தான் எறங்குது. ஆயில் கொதிச்சா உள்ளுக்குள்ள குமிழி வரும். ஆயிலை அமுக்குனா அது பிரேக்கைத் தள்ளும். குமிழியை அமுக்குனா? அது பாட்டுக்கு அமுங்கிக்கும், பிரேக்கு தேமேன்னு இருக்கும். பஞ்சுப் பொதியை மிதிச்சாப்பல மிதி தரைக்குப் போயிரும்.

நாங்க ஊத்தறது முந்நூத்தி இருவது டிகிரி. வெளிநாட்டுச் சரக்கு. அதை நாந்தான் தேர்ந்தெடுத்தேன். தம்பி இஞ்சினீயருக்குப் படிச்சவருதான், ஆனாலும், ‘சென்னியண்ணா, பிரேக்கு உங்க பொறுப்பு, நான் கேள்வியே கேக்கமாட்டேன்’னு விட்டுட்டாரு. ஒரு சீசன் பூராவும் மண்டையைப் போட்டு ஒடச்சிருக்கறனுங்க. ஒண்ணு சூடு தாங்குச்சு, ஆனா மிதி சொதசொதன்னு இருந்துச்சு. தண்ணியே குடிக்காத ஆயில்னு ஒண்ணு விக்கறாங்களே, அதையும் கேட்டுப் பாத்தேன். அது ஷெட்டுல மூடி வெச்சிருக்கற பழைய வண்டிக்குத்தான் ஆகும், ரேஸுக்கு ஆகாதுன்னு தள்ளீட்டேன். கடைசியா இதைப் புடிச்சேன். இதுக்கு ஒரே ஒரு கெட்ட புத்தி. காத்துல இருக்கற ஈரத்தையே குடிச்சுப்போடும். சும்மா தொறந்து வெச்சாலே குடிக்கும். குடிச்சுதுன்னா போச்சு, முந்நூத்தி இருவதெல்லாம் அப்பறம் பாட்டில் மேல அச்சடிச்சதோட சரி. அதனால நான் பெரிய டின் வாங்கவே மாட்டேன். அரை லிட்டர் பாட்டில்தான். சீல் ஒடச்சா அன்னிக்கே தீத்தரோணும், மிச்சம் இருந்தா கொட்டிரோணும். இந்தக் கோயமுத்தூர்ல வேற எந்த மெக்கானிக்காவது இப்படிப் பாக்கறானான்னு கேட்டுப் பாருங்க.

சரி, வெசயத்துக்கு வர்றேன். போன வருசம் ஆயுத பூசை. ஸ்பேனருக்குப் பொட்டு வெச்சு, ஜாக்கிக்குப் பொரி படைச்சு, வண்டிக்கு மாலை போட்டு, எல்லாம் எல்லா ஷெட்டுலயும் பண்றதுதானுங்க. சுலோச்சனாம்மா வந்தாங்க. வண்டியைச் சுத்திச் சுத்திப் பாத்துப்போட்டு, ‘ஏன்டா சென்னியப்பா, இத்தனை வேகமாப் போறானே, இதுல எதுடா என் பையனை நிறுத்தறது?’ன்னாங்க. நான் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, ‘இதுதானுங்கம்மா. எஞ்சின் போனாக்கூட வீடு வந்து சேந்தர்லாம். இது போனா அவ்வளவுதான். தம்பி உசுரு இந்தப் பாட்டிலுக்குள்ளதான் இருக்குது’ன்னேன். உள்ளதைத்தானுங்க சொன்னேன்? அதுல என்ன தப்பு?

நான் பூசணிக்காய் ஒடைக்க வாசலுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள, அந்தம்மா மூடியைத் தொறந்து, மருதமலைத் தீர்த்தம் கொண்டாந்திருந்தாங்க, அதுல ஒரு உத்தரணி உள்ள உட்டு, மூடி, மூடி மேல சந்தனம் குங்குமம் வெச்சு, சாமி படத்துக்கு முன்னால வெச்சுட்டாங்க. எனக்கு அது தெரியாதுங்க. அடுத்த ரேஸுக்கு அந்தப் பாட்டிலைத்தான் எடுத்து ஊத்துனேன். சீல் ஒடஞ்சிருந்துச்சு, ஆமா, பாத்தேன். பாத்தா? பூசையில வெச்ச பாட்டிலை வேண்டாம்னு தள்ளறதுக்கு எவனுக்குங்க தைரியம் வரும்? நீங்க தள்ளுவீங்களா? சொல்லுங்க.

நேர்ரோட்டுக் கடைசி முக்கு. தம்பி மிதிச்சிருக்குறாரு, மிதி தரைக்குப் போயிருச்சு. வண்டி திரும்பாம நேராப் போயி டயர் அடுக்கி வெச்ச செவுத்துல சொருகிக்கிச்சு. நான் ஓடுன ஓட்டம் எனக்குத்தான் தெரியும். உசுருக்கு ஒண்ணும் இல்லை. தோள்பட்டை எலும்பு முறிஞ்சு போச்சு. அவ்வளவுதான்னு சொல்றேன், அன்னிக்கு ராத்திரி பூராவும் ஆஸ்பத்திரி வாசல்லயே உக்காந்திருந்தனுங்க.

தம்பி ஆஸ்பத்திரியில படுத்துட்டே ஆயிலை எடுத்துச் சோதிக்கச் சொல்லீட்டாரு. தண்ணி இருக்குதுன்னு வந்திருச்சு. ‘அண்ணா, தண்ணி எப்படி வந்துச்சு?’ன்னு கேட்டாரு. அப்ப எனக்கே தெரியாதுங்களே. அன்னிக்குப் பொழுதோட அம்மா வீட்டுக்கு வரச்சொன்னாங்க. பூசை ரூம்புக்குக் கூட்டிட்டுப் போயிக் கதவைச் சாத்தி, நடந்ததைச் சொல்லி, ஓன்னு அழுகை. தம்பிக்கும் அம்மாவுக்கும் இந்தச் சாமி வெசயத்துல ஏற்கெனவே ஆகாது. முன்ன ஒருக்கா ஸ்டீரிங்ல எலுமிச்சம்பழத்தைக் கட்டி, அது அறுந்து மிதிக்கடியில உருண்டு, பெரிய ரகளை. ‘இனி என் வண்டியைத் தொட்டீங்கன்னா நான் பெங்களூருக்கே போயிருவேன், இந்த வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்’னு சொல்லிப்போட்டாரு. சொன்னாச் செய்யற ஆளு. அம்மாவுக்கு அதுதான் பயம். ‘அவனும் போய்ட்டா இத்தனை பெரிய வீட்டுல நான் ஆரு மூஞ்சியைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன் சென்னியப்பா’ன்னாங்க. தட்டுல கற்பூரத்தை ஏத்தி நீட்டுனாங்க. அடிச்சுச் சத்தியம் பண்ணுன்னாங்க.

பண்ணீட்டேன். எங்க பாப்பா மேல. நேத்ரான்னு பேரு, ஏழாவது படிக்குது. தீர்த்தம் ஊத்துனது அம்மான்னு தம்பிகிட்ட எஞ்சாவு வரைக்கும் சொல்லமாட்டேன், சொன்னா எம்புள்ளைக்கு ஆகாதுன்னு கற்பூரத்தைக் கையில அடிச்சு அணைச்சேன். மறுநாள் தம்பிகிட்டப் போயி, ‘பாட்டிலைத் தொறந்து போட்டுட்டேன் தம்பி, எந்தப்புத்தான்’னேன். அவரு ஒரு வார்த்தை திட்டலை. ‘இன்னொருக்கா தண்ணியைப் பாத்தேன்னா, இந்த நாட்டுல எந்த ட்ராக்குலயும் உங்களைக் காலு வைக்க விடமாட்டேண்ணா’ன்னாரு. அதையும் அண்ணா போட்டுத்தான் சொன்னாரு.

அதோட முடிஞ்சிருந்தாச் சரி. முடியலியே! அடுத்த ரேஸுக்கு அம்மா செம்போட வந்து நிக்கறாங்க. ‘அம்மா, தண்ணி பட்டுத்தானுங்க அப்படி ஆச்சு’ன்னு காலுல உழுகாத கொறையாச் சொன்னேன். அவங்க சொல்றாங்க, ‘மருதமலையான் தீர்த்தமும் கொழாய்த் தண்ணியும் ஒண்ணாடா? பிரேக்கு போனது உன் ஆயிலால. உசுரு நின்னது என் தீர்த்தத்தால. அன்னிக்கு நான் ஊத்தலைன்னா தோள்பட்டையோட போயிருக்குமா?’ இதுக்கு என்னங்க பதில் சொல்றது? எந்த இஞ்சினீயரு சொல்லுவான்?

அதுல இருந்து இதேதான் பொழப்பு. ஒவ்வொரு ரேஸுக்கும் முந்தின நாளு வருவாங்க, பாட்டில்ல ஊத்துவாங்க, கும்புட்டுட்டுப் போவாங்க. அந்தப் பக்கம் கார் போனதும் நான் அதைக் கீழ கொட்டிப்போட்டு வேற ஒண்ணை ஒடச்சு ஏத்துவேன். தம்பி ஒருநாளு சாப்பிடறப்ப, ‘ஒரு ரேஸுக்கு ரெண்டு பாட்டில் தீருது, சென்னியண்ணன் ஆயிலை என்னதான் பண்றாரோ, குடிக்கறாரோ என்னமோ’ன்னு சிரிச்சிருக்குறாரு. அம்மா மில்லை நடத்துனவங்க சார். கப்புனு புடிச்சுட்டாங்க, இவன் தீர்த்தத்தைக் கீழ கொட்டறான்னு. என்னை ஒரு வார்த்தை கேக்கலை. இன்னிக்குக் காலையில பட்டுச்சேலையைக் கட்டீட்டு ட்ராக்குக்கே வந்துட்டாங்க. தம்பி மீட்டிங்குக்குப் போனதும் செம்பை எடுத்தாங்க. கடைசி பாட்டில் அது. ‘என் கண்ணு முன்னால ஏத்து’ன்னாங்க. நாலு சக்கரத்துக்கும் ஏத்தி முடிக்கற வரைக்கும் நின்னு பாத்தாங்க. அப்பறம் சேரைப் போட்டு உக்காந்தவங்கதான், எந்திரிக்கவே இல்லை. நான் எப்படிங்க போயி மறுபடியும் கழட்டறது?

வேலையை விட்டுப் போயிருன்னு எங்கூட்டுக்காரி சொல்றா. ஓசூர்ல ஒரு கம்பெனியில கூப்பிடத்தான் கூப்பிட்டாங்க. நான் போய்ட்டா? அடுத்து வர்றவன் அம்மா குடுக்கற பாட்டிலை அப்படியே ஊத்துவான். அந்தப் பையன் செத்துப்போயிருவானுங்க சார். இருந்தா வாயைத் தொறக்க முடியலை, போனா ஒரு உசுரு போகும். எங்கதான் போறது நான்?

சத்தியத்தை மீறுனா என்னன்னு கேக்கறீங்க. படிச்சவங்க, கேப்பீங்க. நானும் இந்தச் சாமி, பேயி, சகுனம் இதெல்லாம் நம்பற ஆளில்லைங்க. ராகு காலத்துலயே எஞ்சினை எறக்குவேன். ஆனா தை மாசம் ஒருநாளு, பொறுக்க முடியாம, ‘தம்பி, ஒரு வெசயம்’னு ஆரம்பிச்சேன். ஆரம்பிச்சதுதான். பள்ளிக்கூடத்துல இருந்து போன். பாப்பா மயக்கம் போட்டு உழுந்திருச்சுன்னு. சாப்பிடாமப் போயிருந்திருக்குது, ஒண்ணுமில்லைதான். ஆனா அந்த நேரத்துக்குங்க? நான் வாயைத் தொறந்த அந்த நேரத்துக்கு? நீங்க தற்செயல்னுதான் சொல்லுவீங்க. உங்களுக்குப் புள்ளை இருக்குதுங்களா? இல்லையா. அதான்.

நீங்க வீட்டாளு இல்லை, தம்பியும் இல்லை. உங்ககிட்டச் சொன்னா சத்தியத்துல சேராது. ரோசனை பண்ணித்தான் வந்தேன்.

பண்ண வேண்டியது இதுதானுங்க. ஆயில்ல தண்ணி இருக்குதான்னு சோதிக்கறதுக்குப் பேனாவாட்டம் ஒண்ணு வெச்சிருக்கீங்களே, அதை எடுத்துட்டு, சும்மா எல்லா வண்டியையும் பாக்கறாப்பல வாங்க. தம்பி இருக்கறப்ப எங்க வண்டி ஆயில்லயும் முக்குங்க. செவப்பு லைட்டு எரியும். எரிஞ்சதும் தம்பி என்னைத்தான் மொறைப்பாரு. அப்ப நீங்க சொல்லோணும், ‘இந்த ஆயிலே இப்படித்தான் சார், கம்பெனிச் சரக்குலயே கோளாறு’ன்னு. சொல்லிப்போட்டு உங்க ஆயிலை ஊத்தச் சொல்லுங்க. ஊத்திக்கறேன். ஒரு சீசன் பூராவும் தேடிப் புடிச்ச ஆயில் சார் அது, அதைப் போயிக் கோளாறுன்னு நானே சொல்லச் சொல்றேன், எனக்கு வயிறு எரியுது. பரவால்ல. சொல்லுங்க.

என்னது? மேனேஜர் சாப்பிடப் போயிருக்குறாரா? அவரு வந்ததும் கேட்டுட்டு வர்றீங்களா? எப்பங்க வருவாரு? அட, இத்தனை நேரம் பேசீட்டே இருந்திருக்குறமே... சார், இருங்க. சத்தம் போடாதீங்க. இது எங்க எஞ்சின்.

சாப்பிடவே இல்லையா அவரு? அய்யோ, வண்டியை எடுத்துட்டாருங்க!

தம்பீ! ஏ தம்பீ! நிறுத்துங்க!

...

வந்துட்டனுங்க சார். சித்தெ தண்ணி குடுங்க. குடிக்கற தண்ணிதான்.

பாத்தீங்களா இங்க இருந்தே? கேட்டிருக்காது, சத்தத்துல. கொட்டகையை விட்டு வண்டி வெளிய திரும்புது, நான் குறுக்க போயி ரெண்டு கையையும் விரிச்சுட்டு நின்னுட்டேன். இடிச்சா இடிக்கட்டும்னு. முட்டிக்கு முன்னால வந்து நின்னுச்சு. தம்பி ஹெல்மெட்டுக் கண்ணாடியைத் தூக்கி, என்னண்ணான்னாரு. ‘எடுக்காதீங்க தம்பி, பிரேக்குல தண்ணி’ன்னேன்.

எஞ்சினை நிறுத்திப்போட்டாரு. எறங்குனாரு. ‘எப்படி?’ன்னாரு.

நான் அம்மாவைப் பாத்தேன். சேரை விட்டு எந்திரிச்சு நிக்கறாங்க. முந்தானையை வாயில வெச்சு அமுக்கீட்டு நிக்கறாங்க. சொல்லுவாங்க, இப்பச் சொல்லிருவாங்கன்னு நெனச்சனுங்க. பெத்தவங்கல்ல? இத்தனைக்கப்பறமும் சொல்லாம இருப்பாங்களா? நான் பாக்கறேன், அவங்க பாக்கறாங்க. தம்பி மறுபடியும், ‘எப்படின்னு கேக்கறேன்’னாரு.

நாந்தானுங்க தம்பின்னேன். தொறந்து கெடந்த பாட்டிலை ஊத்திப்போட்டேன்னேன்.

எப்பவும் அண்ணாம்பாருல்லீங்க, இன்னிக்கு யோவ்னாரு. ‘யோவ், அன்னிக்கு எலும்பை ஒடச்சே. இன்னிக்கு ஆளையே முடிச்சிரலாம்னு பாத்தியா? போய்யா வெளிய. டூல்ஸைத் தொடாதே, போ’ன்னாரு. அக்கம்பக்கத்துக் கொட்டகைக்காரன் எல்லாம் வந்து நின்னு பாக்கறான். இருவது வருசமா என்னைப் பாத்து மரியாதையா ஒதுங்குனவனுங்க.

ஆனா சார், ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சுக்காதீங்க. ‘போ’ன்னு சொன்னாரு பாருங்க, அப்ப எனக்குள்ள அப்படியே குளுகுளுன்னு ஆயிருச்சு. அப்பாடா, அவராத் தொரத்தீட்டாரு. நான் சத்தியத்தையும் மீறலை, ஓடியும் போகலை. இனி தண்ணின்னு கேட்டாலே தம்பி உஷாராயிருவாரு, அடுத்தவன் ஊத்துனாலும் சோதிச்சுத்தான் எடுப்பாரு. ஓசூர்க்காரனுக்கு இன்னிக்கே போன் போட்டர்லாம்னு செருப்பைக்கூட மாட்டீட்டேன்.

அப்பத்தான் அம்மா வந்தாங்க.

வந்து, தம்பி தோளைத் தொட்டு, ‘கண்ணு, விட்டுரு சாமி. புள்ளகுட்டிக்காரன். தெரியாமப் பண்ணீட்டான். பண்ணுனதை ஒத்துக்கறான் பாரு, இந்தக் காலத்துல ஆரு ஒத்துக்கறா? வண்டிக்குக் குறுக்க வந்து உழுந்தானே, இவனாட்டம் விசுவாசமான ஆளு உனக்கு வேற எங்க கெடைப்பான்? அம்மாவுக்காக மன்னிச்சுரு’ன்னாங்க. கண்ணுல தண்ணியோட சொல்றாங்க. நெசமான தண்ணி. நடிக்கலைங்க அவங்க, அதுதான் கொடுமை. தம்பிக்கு மனசு எறங்கிருச்சு. ‘அம்மா சொன்னதால விடறேன். அரை மணி நேரத்துல பூரா ஆயிலையும் மாத்துங்க. ஊத்தறப்ப நான் வந்து பக்கத்துல நிப்பேன்’னாரு. திரும்பி நடக்கறப்ப, ‘பயந்துட்டேண்ணா’ன்னு வேற ஒரு வார்த்தை சொன்னாரு. எனக்கு அழுகையே வந்திருச்சு.

செருப்பைக் கழட்டீட்டேன்.

அவரு அக்கட்டால போனதும் அம்மா கிட்ட வந்து, மெதுவா, ‘உன் நன்றியை மறக்கமாட்டேன் சென்னியப்பா. நான் இருக்கற வரைக்கும் உன்னை எங்கயும் போக விடமாட்டேன்’னாங்க. அப்பறம், ‘செம்புல இன்னும் கொஞ்சம் இருக்குது. புது பாட்டிலை முதல்ல எங்கிட்டக் கொண்டா. தம்பி பாக்காம ஊத்தித் தந்தர்றேன்’னாங்க.

அந்தா, பாக்கறாங்க பாருங்க. கையைக் காட்டி வான்னு கூப்பிடறாங்க. எங்கிட்ட இருந்தது தீந்து போச்சுங்க சார், உங்க ஆயில்தான் கதி. இருநூத்தி எழுவதுன்னாலும் சரி, இன்னிக்கு மெதுவா ஓட்டுங்கன்னு தம்பிகிட்டக் கெஞ்சிக்கறேன்.

ரெண்டு பாட்டிலாக் குடுங்க. ஒண்ணு அம்மாவுக்கு, ஒண்ணு வண்டிக்கு.